சுவரும் சர்க்யூட்டின் ஒரு பாகம்: சிறு செயற்கைக்கோளுக்குள் ஒளிவழித் தொடர்பு – நிகழ்வு ஆய்வு

சிறு செயற்கைக்கோளின் கடைசிப் பக்கத் தகட்டை மூடும்போது எல்லோருடைய கண்ணும் வயர்களின் மேல்தான் இருக்கும். போர்டுகளை அடுக்கியாகிவிட்டது, திருகுகளை முடுக்கியாகிவிட்டது, பேட்டரியும் உள்ளே போய்விட்டது. தகட்டின் உட்புறத்தில் இருக்கும் சூரிய உணரியிலிருந்து ஆறேழு மெல்லிய வயர்கள் தொங்குகின்றன. அவற்றின் நுனியில் உள்ள கனெக்டரை, விரல் நுழையாத இடுக்கில், சாமணத்தால் பிடித்து மாட்ட வேண்டும். மாட்டியபின் மிச்ச வயரைத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்காமல் உள்ளே தள்ள வேண்டும். மூடிவிட்டுச் சோதித்தால் உணரி பேசவில்லையா? திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சிறிய கனெக்டர்கள் எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அவற்றின் ஆயுள் கொஞ்சம் குறைகிறது.

இந்த வயர் கட்டுக்குத் துறையில் ஹார்னெஸ் என்று பெயர். செயற்கைக்கோளின் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இதற்கே போய்விடும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பெரிய செயற்கைக்கோளில் இது பணப் பிரச்சினை. 10 செ.மீ. கனசதுரமான கியூப்சாட்டில் இது இடப் பிரச்சினை, அதைவிட உழைப்புப் பிரச்சினை.

தரவுக்கான வயர்களை எடுத்துவிட்டு, அந்த வேலையை அகச்சிவப்பு ஒளியிடம் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்வியை ஒரு குழு பத்து வருடத்துக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் தேசிய விண்வெளித் தொழில்நுட்ப நிறுவனமான இன்டாவின் குழு அது. அவர்கள் போன பாதையை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் உள்ள இயற்பியலையும் கணக்கையும் இங்கே பார்க்கப் போகிறேன். கணக்குகள் நான் போட்டவை. அவர்களுடைய வடிவமைப்பு எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிப்படியாக 2013 வரை

வேலை 1999 வாக்கில் தொடங்கியது. முதல் விண்வெளிச் சோதனை 2004 டிசம்பர் 18 அன்று கிளம்பியது. கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் பிரெஞ்சு ராணுவச் செயற்கைக்கோள் ஒன்றை ஏற்றிச் சென்றபோது, கூடவே சுமார் 20 கிலோ எடையுள்ள நானோசாட்-01 போனது. அதற்குள் ஒளிவழித் தொடர்பு ஒரு பரிசோதனையாக மட்டுமே இருந்தது. அது செத்துப்போனாலும் செயற்கைக்கோள் பிழைத்துக்கொள்ளும். இந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. புதுத் தொழில்நுட்பத்தை முதுகெலும்பாக வைத்துத் தொடங்கி, முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் இழந்த திட்டங்கள் எத்தனையோ உண்டு.

அடுத்து 2007 செப்டம்பர் 14 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய ஃபோட்டான்-எம்3 விண்கலத்தில் இன்னொரு பரிசோதனை. அது 12 நாள் பயணம். அதற்கப்புறம்தான் துணிந்து இறங்கினார்கள். ஆப்டோஸ் என்ற மூன்று அலகு (மூன்று கனசதுரங்களை அடுக்கிய நீளமுள்ள) கியூப்சாட்டில், உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் தரவுப் பாதை முழுவதையும் ஒளிக்கு மாற்றினார்கள். நாலு கிலோவுக்கும் குறைவான எடை. அதற்குள் ஒரு கேமரா, ஒரு ஒளியிழை உணரி, காந்தப்புல உணரி, கதிர்வீச்சு அளவுமானி. ஒவ்வொரு துணை அமைப்புக்கும் ஒரு சிறு முனையம். முனையங்கள் எல்லாம் அகச்சிவப்பில் பேசிக்கொள்ளும்.

பத்து வருட வேலையைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், முழுக்க வயரில்லாத செயற்கைக்கோள் 2010 தொடக்கத்தில் ஏவப்படும் என்று எழுதினார்கள். ஆப்டோஸ் ரஷ்யாவின் யாஸ்னியிலிருந்து நீப்பர் ராக்கெட்டில் ஏறியது 2013 நவம்பர் 21 அன்று. சிறு செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் பிறர் ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போகிறவை. தேதி அவர்கள் கையில் இருப்பதில்லை.

ரேடியோ ஏன் வேண்டாம்?

நியாயமான கேள்விதான். வயரில்லாமல் பேச நமக்குப் பழகிய வழி ரேடியோ. அதையும் முயன்றிருக்கிறார்கள். 2008 ஏப்ரல் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி9 பத்து செயற்கைக்கோள்களை ஒன்றாகக் கொண்டு போனதே, அதில் ஒன்று டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி-சி3. அதிலிருந்த சூரிய உணரி தனக்கென ஒரு சூரிய மின்கலத்தை வைத்துக்கொண்டு, அளவை ரேடியோவில் உள்ளே அனுப்பியது. மின்சாரத்துக்கும் வயர் இல்லை, தரவுக்கும் வயர் இல்லை.

ஆனால் உலோகப் பெட்டிக்குள் ரேடியோ அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொண்டும் நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; பெட்டியே அவ்வளவுதான். ஒரு போர்டை ஒரு செ.மீ. நகர்த்தினால் சிக்னல் மாறிப்போகும். அதோடு, பூமியிலிருந்து வரும் மிக மெல்லிய கட்டளையைக் கேட்கக் காத்திருக்கும் ரிசீவருக்குப் பக்கத்திலேயே இன்னும் பல டிரான்ஸ்மிட்டர்களை வைப்பது யாருக்கும் உவப்பான யோசனை இல்லை. ஒளிக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. அது ஆன்டெனாவைத் தொந்தரவு செய்யாது, அதிர்வெண் அனுமதி கேட்காது. ஒளி அலையின் நீளம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஒளியை வாங்கி மின்னோட்டமாக மாற்றும் ஃபோட்டோடையோடு அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அகலமானது. அதனால் அழியும் புள்ளிகள் எல்லாம் அதன் பரப்பிலேயே சராசரியாகிவிடும்.

பெட்டிக்குள் ஒளி எப்படி நடக்கிறது

எண்களோடு பார்த்தால்தான் இது எவ்வளவு சாதாரணமாகச் சாத்தியம் என்று புரியும். சுமார் 870 நானோமீட்டரில் 10 மில்லிவாட் ஒளி தரும் ஒரு எல்இடி. 7 சதுர மி.மீ. பரப்புள்ள சிலிக்கான் ஃபோட்டோடையோடு. இரண்டும் 10 செ.மீ. இடைவெளியில் நேருக்கு நேர் பார்க்கின்றன. எல்இடி அகலமாகப் பரப்பும் வகை என்றால், டையோடில் விழுவது சுமார் 2.2 மைக்ரோவாட். இந்த அலைநீளத்தில் சிலிக்கான் ஒரு வாட்டுக்குச் சுமார் 0.6 ஆம்பியர் தரும், ஆக 1.3 மைக்ரோஆம்பியர். சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு இது தாராளம். 30 செ.மீ. தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 0.15 மைக்ரோஆம்பியர். அதுவும் போதும்.

சிக்கல் என்னவென்றால், உள்ளே எதுவும் எதையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. போர்டுகள் அடுக்கு இட்லித்தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, பெட்டியின் குறுக்களவை ஏறக்குறைய நிரப்பிக்கொண்டு நிற்கின்றன. மேல் போர்டிலிருந்து கீழ் போர்டுக்கு நேர்வழி கிடையாது. ஒளி சுவரில் பட்டு, சிதறி, விளிம்பு இடுக்குகள் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இங்கேதான் சுவர் உள்ளே வருகிறது. உட்புறம் முழுக்க ஒரே மாதிரி சிதறடிக்கும் பெட்டியில், ஒளி பல முறை மோதி எங்கும் ஏறத்தாழ சமமாகப் பரவிவிடும். அதன் அளவைத் தீர்மானிப்பது இரண்டே விஷயங்கள்: உட்பரப்பு எவ்வளவு, ஒவ்வொரு மோதலிலும் எத்தனை பங்கு திரும்பி வருகிறது. காலியான 10 செ.மீ. கனசதுரத்தின் உட்பரப்பு 600 சதுர செ.மீ. சுவர் பாதி ஒளியைத் திருப்பித் தந்தால், அதே எல்இடிக்கு எந்த மூலையில் இருக்கும் டையோடுக்கும் சுமார் 1.2 மைக்ரோவாட் கிடைக்கும். நேர்வழியில் கிடைத்ததில் பாதிக்கு மேல்! 80 சதவீதம் திருப்பினால் 4.7 மைக்ரோவாட்; நேர்வழியையே மிஞ்சிவிடும். வெறும் 10 சதவீதம் என்றால் 0.13 மைக்ரோவாட். எல்இடியையும் டையோடையும் தொடவே இல்லை. சுவரின் பூச்சை மட்டும் மாற்றினோம், சிக்னல் 36 மடங்கு ஏறி இறங்கியது.

நாலு போர்டுகளை உள்ளே வைத்தால் அவற்றின் இரு பக்கமும் சேர்ந்து உட்பரப்பு இரட்டிப்பாகிவிடும், ஒளி பாதியாகும். போர்டுகள் மறைப்பதால் இன்னும் குறையும். சரி, அதற்கும் சேர்த்துத்தான் கணக்கில் இடம் விட வேண்டும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கருப்பு அனோடைஸ் செய்த (மேற்பரப்பில் ஆக்சைடு படலம் வளர்த்துச் சாயமேற்றிய) அலுமினியப் பெட்டியைப் பார்த்ததும், 'இது ஒளியை விழுங்கிவிடும், ஒளிவழித் தொடர்புக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். கண்ணை நம்பக் கூடாத இடம் இது. கரிமச் சாயம் ஏற்றிய கருப்பு அனோடைஸ் நம் கண்ணுக்குத்தான் கருப்பு. அகச்சிவப்பின் அண்மைப் பகுதியில் அது நன்றாகவே பிரதிபலிக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டிவி ரிமோட்டின் நுனியை அந்தக் கருப்புத் தகட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, ஒரு பொத்தானை அழுத்தி, ஃபோனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும், அதனால் முன்பக்கம். கண்ணுக்குக் கரிக்கட்டை மாதிரி இருக்கும் தகடு கேமராவில் ஊதா கலந்த வெளுப்பாக மினுங்கும். நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று, அதுவரை போட்டு வைத்திருந்த கணக்குத்தாளை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கரித்தூள் கலந்த கருப்புப் பெயின்ட் வேறு கதை. அது அகச்சிவப்பையும் விழுங்கும். ஒரே நிறம், இரண்டு நேரெதிர் குணம். பூச்சின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் அளந்து பார்க்க வேண்டும்.

ஒளி பல முறை மோதி வருவதால் சிக்னல் கலங்கிப்போகாதா என்றும் கேட்பார்கள். பெரிய அறைக்கு இந்தக் கவலை உண்டு. 1979இலேயே ஐபிஎம்மின் ஜூரிச் ஆய்வகத்தில் அறைக்குள் சிதறிய அகச்சிவப்பு வழியாகத் தரவு அனுப்பியபோது, வேகத்துக்கு வரம்பு வைத்த காரணங்களில் இதுவும் ஒன்று. கியூப்சாட் அவ்வளவு சின்னது என்பதால் பிழைத்தோம். இரண்டு மோதல்களுக்கு நடுவில் ஒளிக்கு ஆகும் நேரம் சராசரியாக 0.2 நானோ விநாடி. நன்றாகப் பிரதிபலிக்கும் சுவர் என்றாலும் ஒன்றிரண்டு நானோ விநாடியில் எதிரொலி அடங்கிவிடும். விநாடிக்குச் சில லட்சம் பிட் வேகத்தில் அதை மறந்தே விடலாம்.

கேன் பஸ்ஸும் ஒளியும்

இந்த நிகழ்விலேயே எனக்கு மிக அழகாகத் தெரியும் முடிவு இதுதான். ஆப்டோஸின் ஒளிவழிப் பாதை கேன் நெறிமுறையைத் தழுவியது. 1986இல் கார்களுக்காக பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய நெறிமுறை அது; பல பாகங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்து பேசுவதற்கான விதிகள். அந்தப் பொதுப் பாதைக்குத்தான் பஸ் என்று பெயர்.

கேனின் அடிப்படை எளிமையானது. கம்பியில் இரண்டு நிலைகள் உண்டு, ஒன்று வலுவானது, ஒன்று பணிவது. யாராவது ஒருவர் வலுவான நிலையை வைத்தால், மற்ற எல்லோரும் பணிந்த நிலையை வைத்தாலும் கம்பியில் வலுவானதுதான் தெரியும். இதை ஒளிக்கு மாற்றிப் பாருங்கள். ஒளி இருந்தால் வலு, இருட்டு என்றால் பணிவு. ஒரு பெட்டிக்குள் யாராவது ஒருவர் விளக்கேற்றினால் எல்லோருக்கும் வெளிச்சம்தானே? இருட்டால் வெளிச்சத்தை அணைக்க முடியாது. கம்பியில் டிரான்ஸிஸ்டர் வைத்துச் செய்ய வேண்டியதை இருட்டுப் பெட்டி தானாகவே செய்துவிடுகிறது.

இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? இரண்டும் தம் அடையாள எண்ணை பிட் பிட்டாக அனுப்பும், கூடவே கேட்டுக்கொண்டும் இருக்கும். நான் இருட்டை அனுப்பும் நொடியில் வெளிச்சம் தெரிந்தால், என்னைவிட முக்கியமான செய்தி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொள்வேன். முக்கியமான செய்தி ஒரு பிட்டைக்கூட இழக்காமல் போய்ச் சேரும். நடுவில் ஒரு தலைவர் தேவையில்லை. மூடியைத் திறந்து புதிதாக ஒரு உணரியை உள்ளே ஒட்டினால், அதற்கு எண் கொடுத்தால் போதும், பஸ்ஸில் சேர்ந்துவிடும்.

நடைமுறையில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். கம்பியில் வலுவான பிட் முழு நேரமும் நிற்கும். ஒளியில் அப்படி எல்இடியை எரித்துக்கொண்டிருந்தால் சின்ன பேட்டரி தாங்காது. விநாடிக்கு 1,25,000 பிட் என்றால் ஒரு பிட்டுக்கு 8 மைக்ரோ விநாடி. அதன் தொடக்கத்தில் 1 மைக்ரோ விநாடி மட்டும் மின்னினால், 100 மில்லிஆம்பியர் எல்இடிகூடப் பேசும்போது சராசரியாக 6 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். வாங்கும் பக்கத்தில் அந்தச் சின்ன மின்னலை முழு பிட்டாக நீட்டிக்கொள்ளலாம். இரண்டாவது திருத்தம், தன்னுடைய எல்இடி தன் கண்ணையே கூசச்செய்வது. ஒட்டினாற்போல் இருக்கும் எல்இடியின் பளிச்சில் ஆம்ப்ளிஃபயர் முட்டிக்கொண்டு நின்றால், அது இறங்கி வருவதற்குள் தூரத்து முனையத்தின் மங்கலான மின்னல் கடந்துபோய்விடும். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு, வேகமாக மீளும் ஆம்ப்ளிஃபயர், இரண்டும் வேண்டும்.

வேகம் போதுமா? ஒரு வெப்ப உணரி விநாடிக்கு ஒரு தடவை 16 பிட் சொல்லும். நூறு உணரிகள் வைத்தாலும் விநாடிக்கு 1,600 பிட்தான். கேமரா படம் மட்டும் நேரம் எடுக்கும்: பத்து லட்சம் புள்ளி, புள்ளிக்கு 8 பிட் என்றால், இந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல். பூமிக்கு அனுப்ப அதைவிட நேரமாகும் என்பதால் பாதகமில்லை.

புரோட்டான் போடும் பொய் மின்னல்

தரையில் அழகாக ஓடும் இந்த ஏற்பாட்டை மேலே சோதிப்பது கதிர்வீச்சு. ஃபோட்டோடையோடு என்பது ஒளிக்காகக் காத்திருக்கும் சிலிக்கான் துண்டு. ஆனால் ஒளிதான் வந்ததா, ஒரு துகள் துளைத்துப் போனதா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

50 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் 0.3 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கானை ஊடுருவினால், சுமார் 0.7 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அங்கே விட்டுச்செல்லும். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை ஜோடி உருவாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆக ஏறத்தாழ 1,90,000 எலக்ட்ரான்கள். அவை 100 நானோ விநாடிக்குள் வெளியே வந்தால் 0.3 மைக்ரோஆம்பியர். மேலே 30 செ.மீ. தூரத்துக்கு நாம் கணக்கிட்ட உண்மையான சிக்னல் எவ்வளவு? 0.15 மைக்ரோஆம்பியர். ஒரு புரோட்டானின் பொய் நம் சிக்னலைப்போல் இரண்டு மடங்கு!

வேகமான ரிசீவருக்குத்தான் இந்த ஆபத்து. 1 மைக்ரோ விநாடி மின்னலுக்கு ஏற்ற மெதுவான ரிசீவரில் அதே மின்னூட்டம் பரந்து, 0.03 மைக்ரோஆம்பியராகத் தணிந்துவிடும். அதற்கு மேல் வாசல் மட்டத்தை (அதற்குக் கீழே வருவதைச் சிக்னலாக எடுத்துக்கொள்ளாத அளவை) வைத்தால் பொய்யில் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆகவே இந்த இணைப்பில் வேகத்தைக் கூட்டுவது முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். தேவைக்கு மேல் கூட்டிய ஒவ்வொரு மடங்கும் புரோட்டானுக்குத் திறந்துவிட்ட கதவு. டையோடின் பரப்பைப் பெருக்குவதும் அப்படித்தான். ஒளி கூடும், துகள் அடிப்பதும் கூடும். சுவரை வெளுப்பாக்கி ஒளியைக் கூட்டினால் துகள் கணக்கு கூடாது. அதனால்தான் சுவருக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிறேன்.

அப்படியும் சில பொய்கள் தப்பி வரும். அப்போது கேன் என்ன செய்யும்? எல்லோரும் மௌனமாக இருக்கும்போது ஒரு முனையத்துக்குப் பொய் மின்னல் வந்தால், யாரோ பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று அது காது கொடுக்கும். தொடர்ந்து வருவது வெறும் இருட்டு. ஒரே மாதிரி ஆறு பிட் வரிசையாக வருவது கேனில் விதிமீறல். அந்த முனையம் 'பிழை' என்று அறிவிக்கும்; அதைக் கேட்டு மற்றவர்களும் அறிவித்துவிட்டு, எல்லோரும் தத்தம் பிழை எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வார்கள். ஒழுங்காக வாங்கும் ஒவ்வொரு செய்திக்கும் அது ஒன்று குறையும். ஆனால் உண்மைச் செய்திக்கு நடுவில் பொய் விழுந்தால் அனுப்பியவரின் கணக்கில் எட்டு கூடும். அந்த எண்ணிக்கை 255ஐத் தாண்டினால் முனையம் தானே பஸ்ஸை விட்டு விலகிவிடும். காரில் பழுதான பாகத்தை ஒதுக்க வைத்த நல்ல விதி இது. கதிர்வீச்சில் அதுவே நல்ல முனையத்தையும் ஊமையாக்கக்கூடும். அதனால் விலகிய முனையத்தைத் திரும்ப எழுப்பும் ஏற்பாடு மென்பொருளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இது வெறும் தாள் பயம் இல்லை. தாழ்வட்டப் பாதையில் இருக்கும் செயற்கைக்கோள் நாளுக்கு 15 தடவை பூமியைச் சுற்றும். அதில் சில சுற்றுகள் பிரேசிலை ஒட்டிய தென் அட்லாண்டிக் பிறழ்வுப் பகுதியைக் கடக்கும். அங்கே பூமியின் காந்தப்புலம் நலிந்திருப்பதால் புரோட்டான்கள் கீழே இறங்கி நிற்கின்றன. 1997இல் ஹப்பிள் தொலைநோக்கியில் புதுக் கருவிகளைப் பொருத்திய பிறகு, அவற்றிலிருந்த ஆப்டோகப்ளர்கள் இதே பகுதியைக் கடக்கும்போது பொய்த் துடிப்புகளைக் கொடுத்தன. ஆப்டோகப்ளர் என்பது ஒரு சின்னக் கூட்டுக்குள் எல்இடியும் ஒளி உணரியும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஏற்பாடு, சில மி.மீ. அளவில்.

பொய்த் துடிப்பு வந்து போய்விடும். மெல்ல அரிப்பது வேறு. புரோட்டான்கள் எல்இடியின் படிக அமைப்பில் அணுக்களை இடம்பெயர்த்துவிடும். அந்த ஓட்டைகளில் எலக்ட்ரான்கள் ஒளி தராமலே இணைந்து வீணாகும். 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோளில் ஆப்டோகப்ளர்கள் இப்படித்தான் நலிந்து செயலிழந்தன. எல்இடிகள் எல்லாம் ஒன்றல்ல; பழைய பாணியில் சிலிக்கான் கலந்து செய்த காலியம் ஆர்சனைடு வகை சீக்கிரம் மங்கும், வெவ்வேறு குறைகடத்திகளை அடுக்கிச் செய்த இரட்டை வேற்றுச்சந்தி வகை நன்றாகத் தாங்கும். வாங்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாத இரண்டு பாகங்களுக்கு விண்வெளியில் இவ்வளவு வித்தியாசம். வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: பொதுவாக டிகிரிக்கு அரை சதவீதம் அளவில் ஒளி குறையும், -20இலிருந்து 60 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும்.

சூரியனும் ஆய்வக விளக்கும்

பெட்டியில் இடுக்கு இருந்தால் சூரியன் நுழையும். ஒரு சதுர மி.மீ. ஓட்டை வழியே 1.36 மில்லிவாட் உள்ளே வரும். அது சுவரில் பட்டுச் சிதறினால் கவலையே இல்லை. மெதுவாக மாறும் வெளிச்சம்தான், மின்தேக்கி ஒன்று அதைத் தடுத்துவிடும். அதே கதிர் நேராக டையோடின் மேல் விழுந்தால் அரை மில்லிஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும், ஆம்ப்ளிஃபயர் குருடாகும். கேமராத் துளை, தகட்டு இணைப்புகள், இவற்றின் நேர்கோட்டில் டையோடை வைக்காமல் இருந்தால் முடிந்தது.

ஆய்வக விளக்கு வேறு மாதிரி ஏமாற்றும். மூடி திறந்திருக்கும்போது மினுக்கும் மின்விளக்கின் ஒளி உள்ளே போய்ப் பிழைகளைக் கூட்டும். அதே சமயம், திறந்த பக்கம் வழியாக நம் ஒளி வெளியேறியும் விடும். இரண்டும் சேர்ந்து, மேசை மேல் தோற்ற இணைப்பு பெட்டிக்குள் ஜெயிக்கலாம். திறந்த பெட்டியில் எதிர்ச்சுவராக ஒரு வெள்ளைக் காகிதம் பக்கத்தில் இருந்ததால் ஜெயித்தது, மூடியபின் தோற்கவும் செய்யலாம்.

எது தீரவில்லை

மின்சாரம். ஒளி தரவைக் கொண்டுபோகும். சோலார் தகட்டிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து போர்டுகளுக்கும் வயர் போகத்தான் வேண்டும். 'வயரில்லாத செயற்கைக்கோள்' என்ற சொல்லைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டெல்ஃபி-சி3 உணரியைப் போல, வெளித்தகட்டில் இருக்கும் சின்னக் கருவிக்குச் சொந்தமாக ஒரு சூரிய மின்கலத்தைக் கொடுத்து, பேச்சை ஒளியில் வைத்தால்தான் அந்தச் சொல் முழுசாகப் பொருந்தும். என் பார்வையில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மிகப் பொருத்தமான இடமும் அதுதான்: தகட்டில் இருக்கும் சூரிய உணரிகள், வெப்ப உணரிகள், காந்த உணரிகள். கடைசித் தகட்டை மூடும்போது தொங்கும் வயர்கள் பெரும்பாலும் இவற்றுக்கானவைதான்.

போர்டுகளுக்கு நடுவில் இதைத் திணிக்க எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அடுக்கு முறையில் போர்டுகள் ஒன்றுக்கொன்று 104 முள் கனெக்டரில் ஏற்கெனவே செருகி நிற்கின்றன. அங்கே தொங்கும் வயர் குறைவு, ஒளிக்கு வழியும் குறைவு. எல்லாவற்றையும் ஒளிக்கு மாற்றியதால்தான் ஆப்டோஸ் ஒரு முழுமையான சான்றாக நிற்கிறது. அடுத்து செய்கிறவர்கள் அதை அப்படியே நகலெடுக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு குறையை அந்தக் குழுவே 2009இல் எழுதி வைத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் அகச்சிவப்புப் பாகங்கள் வீட்டுக் கருவிகளுக்காகச் செய்தவை. விண்வெளிக்கு அவற்றை நம்ப வேண்டுமானால் நீண்ட சோதனை தேவை. இதற்கென்றே வடிவமைத்த சிப்புகளும், கடும் வெப்ப மாற்றத்தைத் தாங்கும் உறைகளும் வந்தால்தான் பெரிய பாய்ச்சல் சாத்தியம் என்றார்கள். எல்இடி, டையோடு, ஆம்ப்ளிஃபயர், பிட்டை நீட்டும் பகுதி எல்லாம் ஒரு நகம் அளவு சிப்பில் வந்தால், வயரை எடுத்த எடையைத் திரும்பச் சுற்றுப்பாகங்களில் சேர்க்க வேண்டியிருக்காது.

அடுத்து இதைச் செய்யப்போகும் குழுவிடம் நான் கேட்பது ஒரு அட்டவணை. சர்க்யூட்டை வரையத் தொடங்குவதற்கு முன்னால், அதே பூச்சுள்ள வெற்றுப் பெட்டியில் போர்டுகளின் இடத்தில் வெறும் பச்சைத் தகடுகளை அடுக்கி, ஒரு எல்இடியையும் ஒரு டையோடையும் முனையங்கள் வரப்போகும் ஒவ்வொரு ஜோடி இடத்திலும் வைத்து அளக்க வேண்டும். ஆறு முனையம் என்றால் பதினைந்து ஜோடி, ஒரு பகல் வேலை. ஒவ்வொரு அளவையும் ஆறு பக்கத் தகடுகளும் திருகி மூடியபின் எடுக்க வேண்டும். அந்தப் பதினைந்து எண்களில் மிகச் சிறியதை எடுத்து, வெப்பத்துக்கு 40 சதவீதமும் எல்இடி மங்குவதற்குத் தனியாக ஒரு பங்கும் கழித்து, மிச்சம் இருப்பது புரோட்டானின் 0.03 மைக்ரோஆம்பியருக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.